மூன்று மா வயலில் அரசாங்க மீன்

சுவாமிமலையில் மண் காயவில்லை. நான் கீழ்வேளூர்ப் பக்கம் போய் மீன் வளர்ப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றியதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் கோவில் கமிட்டி ஒரு சோமாஸ்கந்தர் விக்கிரகம் வார்க்கச் சொல்லியிருந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வேலை வெட்டி இல்லாதவன், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற மூன்று தகுதிகளும் ஒருங்கே அமைந்திருந்ததால் அதை வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பட்டறையில் போய் நின்றால், சோமாஸ்கந்தர் மெழுகாக மண்ணுக்குள் இருக்கிறார்.

"மேல பூசுன மண்ணு காயல சார். புரட்டாசி மேகம், வெயிலே இல்ல பாருங்க. ஒரு வாரம் எங்கயாச்சும் சுத்திட்டு வாங்க" என்றார் ஸ்தபதி. எங்கள் அலுவலகமாக இருந்தால் தாமதத்துக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருப்பேன். சூரியனிடம் யார் போய்க் கேட்பது? என் மனைவியின் அண்ணன் மகள் கலா கீழ்வேளூரில் இருக்கிறாள். அங்கே போவதென்று பஸ் ஏறினேன்.

திருவாரூரைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. எதிரே ஊர்வலம். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "எல்லாரும் எறங்குங்க. அந்தப் பக்கமும் ஒரு பஸ் மாட்டிக்கிட்டு நிக்குது. நீங்க நடந்து போயி அதுல ஏறிக்கிங்க, அதுல வந்தவங்க இதுல ஏறிக்குவாங்க" என்றார்.

"இந்த டிக்கெட் அதில் செல்லுமா?" என்று கேட்டேன்.

"டிக்கெட்டு செல்லும் சார். சீட்டுதான் செல்லாது."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, முழக்கமிடுகிறவர்களுக்கு நடுவே மன்னிப்புக் கேட்டபடி நடந்தேன். எதற்காக ஊர்வலம் என்று என்னோடு நடந்தவர்களை விசாரித்தேன். கூலி நெல் கூட்டிக் கேட்கிறார்கள் என்றார் ஒருவர். இல்லை, நிலம் கேட்கிறார்கள் என்றார் இன்னொருவர். "ரெண்டும் கெடையாது, உள்ள புடிச்சுப் போட்டவங்கள வெளிய விடச் சொல்றாங்க" என்றார் மூன்றாமவர். மூவரும் உள்ளூர்க்காரர்கள், மூவரும் உறுதியாகச் சொன்னார்கள். கழகம் ஆட்சிக்கு வந்த பிறகு நான் பார்க்கிற முதல் தஞ்சாவூர் இது. சுவரெல்லாம் கட்சிச் சின்னங்கள், ஊரெல்லாம் கொடிமரங்கள். எந்தக் கொடி எந்தக் கட்சிக்குரியது என்று ஒருவாறு கற்றுக்கொள்வதற்குள் கீழ்வேளூர் வந்துவிட்டது.

கலாவின் கணவர் சேகரன் மீன்துறை ஆய்வாளர். அவர் வீட்டில் எனக்குக் கிடைத்தது கீரைத்தண்டு சாம்பாரும் வாழைக்காய் வறுவலும். புரட்டாசி மாதம் முழுக்க அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறாதாம். ஒரு வேளைகூட மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரிலிருந்து வந்தவன் நான். மீன்துறை ஆய்வாளரின் வீட்டில் மீனுக்குத் தவித்தேன்.

"மாசம் முடியட்டும் மாமா, வெரால் வாங்கிப் போடுறேன்" என்றார் சேகரன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவரைக்கும் நீங்க எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும்" என்றார்.

நெல் வயலில் மீன் வளர்ப்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி மேலிடத்து உத்தரவு. பக்கத்தில் புளியங்கட்டளை என்ற கிராமத்தில் கூட்டம் போட்டாக வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பேசினால் அறிக்கையில் நன்றாக இருக்கும். நான் நிபுணன் இல்லை, மீன்வள அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன், உயிருள்ள மீனைவிட மீனைப் பற்றிய கோப்புகளோடுதான் எனக்குப் பழக்கம் என்று சொன்னேன். "அது போதும் மாமா, எங்க டைரக்டருக்கும் அப்படித்தான்" என்றார்.

மறுநாள் ஜீப்பில் போனோம். பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போட்டிருந்ததால் கூட்டத்தைக் களத்துமேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். எதற்காகப் போலீஸ் என்று கேட்டதற்கு, "அது கெடக்கு மாமா" என்றார் சேகரன். வயல்களில் சம்பா நட்டு, பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டியிருந்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள்.

துறையிலிருந்து படப்பெட்டி வந்திருந்தது. பாட்டரியில் ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு படமாகக் காட்டினார் சேகரன். முதல் படத்தில் நடுக்கடலில் ஒரு பெரிய கப்பல் வலை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது படத்தில் அதே கப்பலின் பின்புறம். பெட்டி மாறி வந்திருக்கிறது. சேகரன் சற்றும் கலங்காமல், "இதே மாதிரி நம்ம வயல்லயும்..." என்று ஆரம்பித்தார். கூட்டமும் கலங்கவில்லை. பட்டாமணியத்தின் வரிக் கூட்டத்தில்கூட இவ்வளவு அமைதி இருந்திருக்காது. ஆணும் பெண்ணுமாக, கப்பலைப் பார்த்துக்கொண்டு அல்ல, எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எங்கள் தைப்பிங்கை அடுத்த கிரியான் பக்கத்து வயல்களில் கண்டதைச் சொன்னேன். வயலின் தாழ்ந்த மூலையில் இடுப்பளவு பள்ளம் ஒன்று வெட்டிவிட வேண்டும். வயலில் தண்ணீர் இருக்கும்போது மீன் பயிருக்கு நடுவே மேயும். தண்ணீர் குறைந்தால் பள்ளத்துக்கு ஒதுங்கிவிடும். பூச்சி மருந்து மட்டும் தெளிக்கக் கூடாது. தெளித்தால் பூச்சிக்கு முன்னால் மீன் போய்விடும்.

"அது தெரியும் சார்," என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். "புது நெல்லு வந்துச்சு, கூடவே மருந்து வந்துச்சு. முன்னெல்லாம் நட்ட வயல்ல கெளுத்தியும் கொரவையும் கையால புடிப்போம். இப்ப நத்தகூட இல்ல."

கேள்விகள் கேட்கலாம் என்றார் சேகரன். மீன் என்ன தின்னும், எத்தனை மாதத்தில் வளரும் என்பதற்கெல்லாம் விடை தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

"பள்ளம் வெட்டுனா ஆபீசரு நேர்ல வந்து பாப்பாரா?"

"பார்ப்பார்."

"வயலுக்குள்ள எறங்கிப் பாப்பாரா, வரப்புலயே நின்னு பாப்பாரா?"

"மீன்குஞ்ச யாரு கையில குடுப்பீங்க?"

"குடுக்கிறப்ப மைக்கு உண்டுங்களா?"

ஒலிபெருக்கிக்கும் மீனின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. உண்டு என்றார் சேகரன். கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. என் அனுபவத்தில், மக்களுக்கு விழிப்புணர்வூட்டும் அரசாங்கக் கூட்டம் ஒன்று இவ்வளவு வெற்றி பெற்று நான் பார்த்ததில்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் என்னைத் தனியே மறித்தார். பெயர் அஞ்சலை. முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"ஐயா, எனக்கு மூணு மா வயலு, ஒரு ஏக்கருதான். பள்ளம் வெட்டிட்டேன். மொதக் குஞ்சு என் வயல்லதான் விடணும்."

நான் பேசி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "அதற்குள் எப்படி வெட்டினீர்கள்?"

"நேத்தே சேகரன் சார் ஆளு வந்து தமுக்கு போட்டப்ப வெட்டிட்டேன். நீங்க என்னா பேசினா எனக்கென்ன?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

வயல் சென்னையில் வசிக்கும் ஒரு மிராசுதாருடையது. அஞ்சலையின் கணவர் அதை வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர். அவர் இறந்த பிறகு அஞ்சலையே நட்டு, அறுத்து, களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து கொடுத்து வருகிறார். ரசீது கிடையாது. மைக்கைப் பற்றி விசாரித்தவர்களில் பலருக்கும் இதே கதைதான். இப்போது குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருக்கிறது. பதிந்துவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது. ஆகவே மிராசுதாரின் காரியஸ்தர், அஞ்சலை குத்தகைக்காரியே இல்லை, பண்ணையில் கூலி வேலை செய்கிறவள் என்கிறார். வருகிற வாரம் தாசில்தார் ஊருக்கே வந்து விசாரிக்கப் போகிறார்.

"ஊரில் எல்லோருக்கும் தெரியுமே. சாட்சி சொல்ல மாட்டார்களா?"

"சாட்சி சொல்ல வாயி வேணும்ல? அந்த வாயிக்குச் சோறு பண்ணையிலேருந்துதான வருது. மொதல்ல யாராவது ஒருத்தரு சத்தமா சொல்லிட்டா, அப்பறம் அத்தினி பேரும் சொல்லுவாங்க. அந்த மொத ஆளுதான் கெடைக்கல. நீங்க மைக்குல 'அஞ்சலை வயல்ல மீன் விடுறோம்'னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்."

அதற்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை என்று விளக்கினேன். மீன்துறையின் அறிவிப்பு நில உரிமைக்குச் சான்றாகாது. ஒரு துறை மற்றொரு துறையின் வரம்புக்குள் நுழையக் கூடாது. இந்தப் பொருளில் சுற்றறிக்கைகளே எழுதியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டார் அஞ்சலை.

"சரிங்கய்யா. அப்ப சனிக்கெழம சொல்லிடுங்க" என்றார்.

சனிக்கிழமைதான் மீன் விடும் நாள். புரட்டாசிச் சனிக்கிழமை! ஊரில் பாதிப் பேர் மீனின் பெயரைக்கூட வாயால் சொல்லாத நாளில் மீன் விழா வைக்கலாம் என்று முடிவு செய்தது எந்த அலுவலகத்தின் மேசை என்று கேட்டேன். "மேல இருக்கவங்களுக்கு எல்லாச் சனிக்கெழமையும் ஒண்ணுதான் மாமா" என்றார் சேகரன்.

இடையில் ஒரு நாள் காரியஸ்தர் வைத்தியலிங்கம் ஆளனுப்பி, எங்களைச் சாப்பிட அழைத்தார். நான் எதிர்பார்த்துப் போனது ஒரு முரடரை. வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு மென்மையான மனிதர். தலைவாழை இலை, மோர்க்குழம்பு, வாழைப்பூ உசிலி, தயிருக்கு நார்த்தங்காய். இரண்டாம் முறை சாதம் வேண்டாமென்ற என் இலையில் அவரே குனிந்து பரிமாறினார்.

"அந்தப் பொம்பள பாவம் சார். புருசன் போயிட்டான், நாதி இல்ல. பண்ணையில வேல போட்டுக் குடுத்து வச்சிருக்கோம். இப்ப எவனோ கொடி புடிக்கிறவன் மந்திரிச்சு விட்டுட்டான். நீங்க பெரிய மனுசங்க. மீன கோயில் கொளத்துல விட்டுட்டுப் போங்களேன். புண்ணியமாச்சும் கெடைக்கும்."

அஞ்சலை சொன்னபோது அஞ்சலை சொன்னது உண்மையாக இருந்தது. இவர் சொல்லும்போது இவர் சொல்வது உண்மையாக இருந்தது. எங்கள் ஊரில் உண்மை ஒன்றுதான், கோப்பில் இருக்கும். இங்கே அது வரப்புக்கு வரப்பு மாறுகிறது. சேகரன் இலையைப் பார்த்துக்கொண்டே, "பள்ளம் வெட்டுன வயல்லதான் விடணும்னு உத்தரவுங்க" என்றார். காரியஸ்தர் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் உசிலி வைத்தார்.

சனிக்கிழமை கெண்டைக்குஞ்சுகள் ஒரு தகர அண்டாவில் வந்தன. குஞ்சுகளுக்கு மூச்சுக் கிடைக்க, வழி நெடுக யாராவது தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஜீப்பில் அந்த வேலை நிபுணருக்குக் கிடைத்தது. ஒரு வளைவில் ஜீப் வாய்க்காலை நோக்கிச் சாய்ந்தது. அண்டாவில் பாதி என் வேட்டியில். மடியில் துள்ளிய குஞ்சுகளைப் பொறுக்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தபோது, டிரைவர் திரும்பிப் பார்த்து, "சார், அரசாங்கச் சொத்து, பாத்து எடுங்க" என்றார்.

புளியங்கட்டளையில் திருவிழாக் கூட்டம். சாமி கும்பிட்டு நாமம் போட்டு வந்தவர்கள்கூட மீனைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். சேகரன் மைக்கை என் கையில் கொடுத்து, காதருகே, "மாமா, நெல விவகாரம் மட்டும் வேண்டாம்" என்றார். எதிரே அஞ்சலை மண்பானையோடு நின்றார். பக்கத்தில் குடை பிடித்துக் காரியஸ்தர்.

"இந்த வயலில் இன்று மீன் விடுகிறோம்" என்றேன். நாற்பது வருடத்து உத்தியோகம் என் வாயில் உட்கார்ந்து பேசியது.

அஞ்சலை பானையில் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு வயலில் இறங்கினார். காரியஸ்தர் நயமாக மைக்கை என்னிடமிருந்து வாங்கி, "பண்ணை வயலில், பண்ணை ஆள் அஞ்சலை மூலமாக" மீன் விடப்படுவதாக அறிவித்து, அரசுக்கு நன்றி கூறினார். கை தட்டினார்கள். யாருக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை. நானும் தட்டினேன்.

வரும் வழியில், "எதற்காக அந்த அம்மாளுக்கு மைக்கில் ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை?" என்று கேட்டேன். "நீங்கதானே மாமா பேசினீங்க" என்றார் சேகரன்.

மறுநாள் காலை மீன்களைப் பார்வையிட வேண்டும் என்பது விதி. போனபோது வயலைச் சுற்றிக் கூட்டம் நின்றது. வடிகால் பக்கத்து மடையை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். முதல் நாள் தளும்பிக்கொண்டிருந்த வயலில் வெறும் சேறு. இளம் பயிர் தலை சாய்ந்து கிடந்தது. வாய்க்கால் முறை முடிந்துவிட்டதால் அடுத்த முறை வரை தண்ணீர் கிடையாது. மூலையிலிருந்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. எட்டிப் பார்த்தேன். குஞ்சுகள் அத்தனையும் அங்கே வந்து ஒதுங்கி, ஒன்றன்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன. என் சொற்பொழிவில் ஒரு வாக்கியமாவது உண்மை என்று நிரூபணமானதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை அந்த இடத்தில் காட்டிக்கொள்ள முடியவில்லை. அஞ்சலை வரப்பில் உட்கார்ந்து பயிரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் திறந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட முகாமிலிருந்து ஏட்டு ஒருவர் வேப்பங்குச்சியால் பல் துலக்கியபடி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். காரியஸ்தரும் வந்தார். "த்சொ, த்சொ, பயிரு போச்சே" என்று உண்மையான துக்கத்தோடு சொன்னார்.

சேகரன் கையைப் பிசைந்தார். எனக்கோ, இந்த மாதிரிச் சமயத்தில் செய்ய வேண்டியது என்னவென்று நன்றாகத் தெரியும். அரசாங்கச் சொத்துக்குச் சேதம் நேர்ந்தால் முதலில் பொறுப்பாளரை நிர்ணயிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காரணம், அளவு, நடவடிக்கை எல்லாம். பழக்கதோஷத்தால் குரலை உயர்த்திக் கேட்டேன்.

"இது அரசாங்க மீன். தண்ணீரை வெளியேற்றியது குற்றம். ஏட்டையாவும் இங்கே இருக்கிறார். இந்த வயலின் மடைக்குப் பொறுப்பு யார்? பண்ணையா?"

ஏட்டு குச்சியை வாயிலிருந்து எடுத்தார். காரியஸ்தர் அதைப் பார்த்தார்.

"சார், சார், என்னா பேச்சு இது? பண்ணைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் படபடவென்று. "மடையத் தொறக்கிறது அடைக்கிறதெல்லாம் சாகுபடி பண்றவ பாடு. வயலு அவ கையில இருக்கு. இத்தினி வருசமா அவதான தண்ணி கட்டுறா, அவதான நடுறா, அவதான அறுக்குறா? களத்துல வந்து நெல்ல அளந்து குடுத்தா நாங்க வாங்கிக்கிறோம், அவ்ளோதான். கேக்கறதா இருந்தா அவளக் கேளுங்க!"

ஐயோ, பாவம் அந்த அம்மாள், பழியும் அவர் தலையிலேயே விழுந்துவிட்டதே என்று நினைத்தேன். அவர் சார்பில் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன், வரப்பில் யாரும் அசையவில்லை. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சேகரன் என் முழங்கையைப் பலமாகப் பற்றினார். காரியஸ்தர் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று தாமே யோசிப்பவர்போல நின்றார்.

அஞ்சலை எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஐயா, கேட்டதையே இன்னொரு தடவ கேளுங்க. அந்தக் கோடி வரப்புல நிக்கிறவங்களுக்குக் காதுல விழல."

ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கேட்டேன். "இந்த வயலுக்குப் பொறுப்பு யார்?"

காரியஸ்தர் குடையை விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பதில் கோடி வரப்பிலிருந்து வந்தது, முதலில் ஒரு குரலாக.

"அஞ்சலதான்!"

பிறகு வாய்க்கால் கரையிலிருந்து. "ஆமா, அஞ்சலதான். காரியஸ்தரே சொல்லிட்டாரே!" பிறகு களத்துமேட்டிலிருந்தும், எனக்குப் பின்னாலிருந்தும். இத்தனை நாள் இவர்கள் எல்லோரும் எங்கே வைத்திருந்தார்கள் இந்தக் குரலை என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "தாசில்தார் வந்தாலும் இதத்தான் சொல்லுவீங்களா?" என்று ஏட்டு யாரையோ கேட்டார். "காரியஸ்தர் சொன்னத நாங்க மாத்திச் சொல்லுவோமா?" என்று யாரோ மரியாதையாகப் பதில் சொன்னார்கள்.

அதற்குள் அஞ்சலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, மடையை அடைக்க ஆரம்பித்திருந்தார்.